நகலும் போலியும்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் புத்தம்புதுக் கார்களே நம் நினைவுக்கு வரும். மேனாடுகளிலே பழைய கார்களுக்கென்று தனிப் பந்தயங்களும் உண்டு. இங்கிலாந்தில் குட்வூட் என்னும் இடத்தில் 1948 முதல் 1966 வரை பந்தயங்கள் நடைபெற்ற தடம் ஒன்று உளது. நெடுங்காலம் ஓய்ந்திருந்த அத் தடத்தில் 1998 ஆம் ஆண்டிற் பழைய கார்ப் பந்தய விழா தொடங்கிற்று. அமெரிக்காவில் மொன்ரறேயில் அத்தகைய பந்தயம் 1974 இலும், பிரான்சில் லெ மான் நகரில் 2002 இலும் தொடங்கின. ஐம்பது, அறுபது, நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கார்கள் இவ் விழாக்களிலே புகையெழும்ப, எண்ணெய் மணக்க ஓடுகின்றன. பாட்டன்மார் தம் இளமையிற் கண்ட காட்சியைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அழைத்து வருகின்றனர்.

இவ் விழாக்களை நடத்துவோரை விடாது வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. தடத்தில் நிற்கும் பச்சை நிறக் கார் 1929 ஆம் ஆண்டுக் காரைப் போலவே இருக்கிறது. அது 1929 இற் பிறந்ததா? அன்றி, அதனைப் பார்த்துச் சென்ற ஆண்டிலே செய்யப்பட்டதா? பார்வையாளர் பகுதியில் இருப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. அருகிற் சென்று பார்க்கும் கைதேர்ந்த தொழிலாளியே சில வேளைகளில் மயங்குவான். அத்தகைய நகற் காரைப் பந்தயத்திற் சேர்க்கலாமா, ஆகாதா என்பதில் அந்நாட்டு ஆர்வலர் இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்கின்றனர்.

செல்வர்களின் விளையாட்டிலே எழுந்த வழக்கு நமக்கெதற்கு என்று வாசகர்கள் கருதுதல் கூடும். பழைய பொருளைப் பேண விரும்பும் எவர்க்கும் இவ் வழக்கு ஒருநாள் வந்தே தீரும். காலத்தால் தேய்ந்த பொருளைப் புதுக்கும்போது எதுவரை அது அதுவாகவே இருக்கிறது, எப்போது அது வேறொன்றாகிறது என்பதே இதன் உட்பொருள். அதனை மோட்டார்க் காரைக் கொண்டு ஆராய்வதில் ஒரு வசதியும் உண்டு. காருக்கு எண் உண்டு, ஏடு உண்டு, நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு.

நகல் ஏன் பிறக்கிறது?

முதற்கண் நகல் செய்வோர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். இத்தாலி நாட்டுப் பெராரி நிறுவனத்தார் 250 ஜி.டி.ஓ. என்னும் பந்தயக் காரை 1962 முதல் 1964 வரை செய்தனர். செய்தவை 36 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2018 இல் அமெரிக்காவில் ஏலத்தில் 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அத்துணை விலை கொடுத்து வாங்கிய காரை மழை பெய்த தடத்தில் மற்றவர்களோடு முட்டி மோதி ஓட்ட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆதலால் உண்மைக் காரைப் பூட்டி வைத்துவிட்டு, அதனைப் போன்ற ஒன்றைச் செய்வித்துப் பந்தயத்துக்குக் கொண்டுவருவாரும் உளர்.

சில கார்களுக்கு நகலைத் தவிர வேறு வழியே இல்லை. 1930களிலே ஜேர்மனியின் ஒட்டோ யூனியன் நிறுவனம் எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் வைத்துப் பந்தயக் கார்கள் செய்தது. பதினாறு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய அக் கார்கள் ஐரோப்பாவையே அதிர வைத்தன. போர் முடிந்த 1945 இற் சோவியத் படையினர் எஞ்சியவற்றை வாரிச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலானவை அழிந்தன. அந்நிறுவனத்தின் வழிவந்த அவுடி நிறுவனத்தார் பிற்காலத்தில் ஆங்கிலக் கைவினைஞரைக் கொண்டு அவற்றின் நகல்களைச் செய்வித்தனர். அவ்வாறு செய்யாதிருந்தால் அந்தப் பதினாறு சிலிண்டர் முழக்கத்தைக் கேட்கும் வாய்ப்பு இன்றுள்ளோரிற் பலர்க்குக் கிட்டியிராது. அவை நகல்கள் என்பதை அந்நிறுவனத்தார் எவர்க்கும் மறைத்ததுமில்லை.

உயிர்க்காப்பும் ஒரு காரணமாகும். பழைய உலோகம் களைப்படையும். வெளிக்குப் பளபளப்பாகத் தோன்றும் அச்சினுள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருக்கும். எண்பது ஆண்டு உழைத்த சில்லு ஒன்று மணிக்கு நூறு மைல் வேகத்திற் கழன்றால் ஓட்டுபவர் மட்டுமன்றி வேலியோரம் நிற்பவரும் மாள நேரிடும். எனவே பந்தயத்தில் ஓடும் பழைய கார் எதுவாயினும் அதன் உறுப்புக்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டே வருகின்றன. முழுதும் பழைய கார்தான் வேண்டும் என்பார் நூதனசாலைக்குச் செல்ல வேண்டுமேயன்றிப் பந்தயத் தடத்துக்கு வருதல் ஆகாது.

தகுதி வேறு, மெய்ம்மை வேறு

வழக்கிலுள்ள குழப்பத்துக்கு மூலகாரணம் இரு வேறு கேள்விகளை ஒன்றாகப் பிணைத்துக்கொள்வதாகும். இந்தக் கார் அக்காலத்துக் காரைப் போல் அமைந்துள்ளதா என்பது ஒரு கேள்வி. இது அந்தக் கார்தானா என்பது மற்றொன்று. முன்னையது தகுதி பற்றியது. பின்னையது மெய்ம்மை பற்றியது.

உலக மோட்டார் விளையாட்டை நடத்தும் சம்மேளனம் 1904 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே தோன்றியது. அதன் விதித் தொகுப்பிலே பழைய கார்களுக்கெனத் தனிப் பின்னிணைப்பு ஒன்று உண்டு. 1904 ஆம் ஆண்டின் இறுதி வரையுள்ள கார்கள் ஒரு காலப்பகுதி. 1905 முதல் 1918 வரை அடுத்தது. 1919 முதல் 1930 வரை அதற்கடுத்தது. இவ்வாறே மேலும் காலப்பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சர்வதேசப் பந்தயத்துக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் படங்களோடு கூடிய ஒரு தொழினுட்பக் கடவுச்சீட்டு வேண்டும். எஞ்சினின் கொள்ளளவு யாது, பிரேக் எவ்வகையது, அடிச்சட்டம் எப்படி அமைந்தது என்பனவெல்லாம் அதிற் குறிக்கப்படும். அக்காலத்தில் வழங்கிய அமைப்பிலிருந்து கார் வழுவுதல் கூடாது. ஓட்டுபவரின் உயிரைக் காக்கும் வார்ப்பட்டை, தீயணைப்பி முதலியவற்றுக்கு மாத்திரம் இன்றைய முறைக்கு இடமுண்டு.

அக் கடவுச்சீட்டு காரின் உடலமைப்புக்குத்தான் சான்று. அதன் பிறப்புக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் அன்று. ஒருவருடைய உயரம் இவ்வளவு, நிறை இவ்வளவு என்று வைத்தியர் கொடுக்கும் சீட்டு அவர் இன்னாருடைய மகன் என்பதை நிலைநாட்டாது. ஆயினும் கார் வாங்குவோரிற் பலர் கடவுச்சீட்டைக் கண்டவுடன் காரின் வரலாறும் உண்மையென்றே நம்பிவிடுகின்றனர். விற்போருட் சிலர் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை.

பிரித்தானியாவிலே 1934 இல் அமைந்த பழைய விளையாட்டுக் கார்க் கழகம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. 1930 டிசம்பர் 31 க்கு முன் செய்யப்பட்ட கார்களைப் போற்றவே அக் கழகம் தோன்றியது. பின்னர் 1930களிற் செய்யப்பட்ட சிறந்த கார்களிற் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஒரு காரின் அடிச்சட்டத்தில் இன்னொன்றின் எஞ்சினைப் பூட்டி ஓட்டுவது அந்நாட்டு ஆர்வலரின் பழைய வழக்கம். ஆகாய விமான எஞ்சினைப் பூட்டியவரும் உண்டு. முக்கிய உறுப்புக்கள் அக்காலத்தனவாயின் அத்தகைய கலப்புக் கார்களை இக் கழகத்தார் மகிழ்ந்து வரவேற்பர். அச்சு அசலாகப் புதிதாய் வார்த்தெடுத்த நகலையோ அவர்கள் விரும்புவதில்லை.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. 1924 இற் பிரான்சின் லியோன் நகரப் பெரும்பந்தயத்தில் முதன்முதலாகத் தோன்றியது புகாட்டி 35 ஆம் வகைக் கார். வார்ப்பு அலுமினியச் சில்லுகளோடு கூடிய அந்த அழகிய காரை இன்று ஆர்ஜென்டீனாவின் பரானா நகரிலுள்ள தொழிற்கூடம் ஒன்று பழைய முறைப்படியே புதிதாகச் செய்து கொடுக்கிறது. முதற் கேள்வியை மட்டும் கேட்டால் அக் காரிற் குறைகாண்பது அரிது. இரண்டாங் கேள்வியைக் கேட்டால் அதனிடம் மறுமொழி இல்லை. உருவம் அக்காலத்தது, உலோகம் இக்காலத்தது. கலப்புக் காரிலோ உலோகம் அக்காலத்தது. உருவம் எக்காலத்தும் இருந்திராதது.

நீதிமன்றம் ஏறிய கார்

உலோகம் பழையதாயிருந்தாற் போதும், மெய்ம்மை விளங்கிவிடும் என்று இனி ஒருவர் சொல்லக்கூடும். அத்துணை எளிதன்று என்பதைக் காட்டியது 1990 ஆம் ஆண்டு இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற ஒரு வழக்கு.

பென்ட்லி நிறுவனத்தார் 1920களில் லெ மான் நகரின் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்திற் புகழ்பெற்று விளங்கினர். 1924 இலும், பின் 1927 முதல் 1930 வரை இடையறாது நான்கு ஆண்டுகளிலும் முதலிடம் அவர்களுக்கே கிடைத்தது. அவற்றுள் 1929, 1930 ஆகிய இரு வெற்றிகளையும் ஈட்டித் தந்தது ஒரே கார். அதற்குப் 'பழைய முதலாம் எண்' என்று பெயர் வழங்கிற்று. நிறுவனத் தலைவராயிருந்த ஊல்ஃப் பார்னட்டோ இரு முறையும் அதனை ஓட்டினார். முதல் ஆண்டிற் பேர்கினும் மறு ஆண்டிற் கிட்ஸ்ரனும் அவருக்குத் துணையாயினர்.

பந்தயக் கார் ஓய்வறியாதது. அடுத்த பந்தயங்களுக்கென அதன் உறுப்புக்கள் மாற்றப்பட்டுக்கொண்டே வந்தன. பின்னர் எட்டு லீற்றர் எஞ்சின் பூட்டப்பட்டது. 1932 இல் இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் தடத்தில் 500 மைற் பந்தயம் ஓடுகையில் அக் கார் தடத்தின் உயர்ந்த சரிவைக் கடந்து வெளியே பாய்ந்தது. சாரதி கிளைவ் டன்ஃபீ உயிர் துறந்தார். சிதைந்த கார் மீண்டும் கட்டப்பட்டது, பலர் கைமாறியது.

1990 இல் அதன் உரிமையாளர் ஏறத்தாழ ஒரு கோடி பவுண் விலைக்கு அக் காரை ஒரு நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டார். பின்னர் வாங்குவோர் மறுத்தனர். இது லெ மானில் வென்ற கார் அன்று என்பது அவர்கள் வாதம். வழக்கை விசாரித்த நீதியரசர் ஒட்டன் முன்னிலையிலே காரின் ஒவ்வோர் உறுப்பின் வரலாறும் ஆராயப்பட்டது. முடிவு வியப்பானது. 1929 இல் வென்ற காரின் பகுதியென்று உறுதியாகக் காலம் குறிக்கத்தக்கது எதுவும் அதில் இல்லை. 1930 இல் வென்ற காரிலிருந்து எஞ்சியவையாகக் கருதத்தக்கவை மிதிபலகைத் தண்டு, கியர்ப் பெட்டியின் உறை, ஸ்டியரிங் தண்டு ஆகியவையே.

ஆயின் அது போலி என்று தீர்ப்பாயிற்றா? இல்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே உள்ள கார் என்று அதனைச் சொல்லுதல் முடியாது என்பதை நீதியரசர் ஒப்புக்கொண்டார். ஆனாற் புதிய உறுப்புக்கள் சிறிது சிறிதாக, நெடுங்கால அளவிற் சேர்ந்தபடியால் அக் கார் எந்த நிலையிலும் தன் அடையாளத்தை இழக்கவில்லை என்றார். நான்கு பந்தய ஆண்டுகள் இடையறாது ஓடிய தொடர்ச்சி அதற்கு உண்டு. பழைய முதலாம் எண் என்ற பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு பென்ட்லி இருப்பதுமில்லை, இருந்ததுமில்லை. ஆகவே இதுவே மெய்யான பழைய முதலாம் எண் எனத் தீர்ப்பளித்தார். விற்பனை ஒப்பந்தம் செல்லுபடியாயிற்று.

நம்மவர்க்கு இத் தீர்ப்பு புதுமையாகத் தோன்றாது. கோயில் தேரின் சில்லு உளுத்தால் மாற்றுகிறோம்; அச்சு முறிந்தால் மாற்றுகிறோம்; மேற்றட்டும் புதுப்பிக்கப்படுகிறது. எந்த ஆண்டிலும் அதனை வேறு தேர் என்று நாம் சொன்னதில்லை. மரம் மாறியது, வீதிவலம் மாறவில்லை. பாட்டனார் வடம் பிடித்த தேர் என்றே பேரனுக்குச் சொல்கிறோம்.

இத் தீர்ப்பினால் நாம் அறிவது யாது? மெய்ம்மை உலோகத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. இடையறாத வாழ்விலும், அவ் வாழ்வைக் குறித்த பதிவேட்டிலும் அது தங்கியுள்ளது. ஓர் உறுப்பு எந்நாளில், எக் காரணம் பற்றி மாற்றப்பட்டது என்பது தெரிந்திருக்கும்வரை கார் தன் பெயரை இழப்பதில்லை. பதிவேடு பொய்த்த அன்றே அது பெயரற்றதாகிவிடும்.

ஓர் எண், இரு கார்கள்

பதிவேடு எவ்வாறு பொய்க்கிறது? பந்தயக் கார் ஒன்று மோதி நொறுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையார் புதிய அடிச்சட்டம் செய்து, பழைய எண் பொறித்த தகட்டை அதிற் பொருத்தி அடுத்த பந்தயத்துக்கு அனுப்புகின்றனர். வளைந்த பழைய சட்டம் கொல்லையிலே துருப்பிடித்துக் கிடக்கிறது. நாற்பது ஆண்டுகளின் பின் ஒருவர் அதனைக் கண்டெடுத்து, நிமிர்த்தி, மற்ற உறுப்புக்களைத் தேடிச் சேர்த்து முழுக் காராக்கிவிடுகிறார். இப்பொழுது ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள். ஒன்றிடம் தகடும் தொடர்ச்சியும் உண்டு. மற்றொன்றிடம் முதற் சட்டம் உண்டு. இரண்டும் தம்மையே உண்மை என்கின்றன. சுங்கப் பத்திரத்திலுள்ள எண்ணுக்கு இசையத் தகடுகளை மாற்றிப் பூட்டி எல்லை கடந்த பந்தயக் குழுக்களும் அக்காலத்தில் இருந்தன. அன்று வசதிக்காகச் செய்தது இன்று வழக்காகி நிற்கிறது.

இதனினும் கொடியது மற்றொன்று. பெராரி 250 ஜி.டி.ஓ. முப்பத்தாறின் எண்ணும் வரலாறும் ஆராய்ச்சியாளர் அறிந்தவை. ஆதலால் முப்பத்தேழாவதைக் கொண்டுவந்து எவரையும் ஏமாற்றுதல் எளிதன்று. எனினும் அதன் அழகில் மயங்கியவர்கள் நகல் செய்வித்தனர். அந் நகலுக்குப் பெராரி எஞ்சினும் அடிச்சட்டமும் வேண்டுமே! அதற்காக 250 ஜி.டி.ஈ. என்னும் நால்வர் அமரும் குடும்பக் கார்கள் பல வெட்டப்பட்டன. 1960 முதல் 1963 வரை ஏறத்தாழ 950 செய்யப்பட்ட அந்தக் கார்கள் பந்தயப் புகழ் இல்லாதவை. ஒருகாலத்தில் மலிவாகவும் கிடைத்தன. ஆனால் அவை உண்மையானவை. புகழ்பெற்ற ஒன்றின் நகலுக்காகப் புகழ் பெறாத உண்மை ஒன்று பலியிடப்பட்டது.

பென்ட்லிக்கும் இதே விதி நேர்ந்தது. 1920களில் அக் கார்களின் உடற்கூட்டை வேறு கைவினைஞரே கட்டிக் கொடுப்பர். நான்கு கதவும் கூரையும் உள்ள கனத்த கூடுகளைக் குடும்பத்தினர் பலர் விரும்பிக் கட்டுவித்தனர். பிற்காலத்தார் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு லெ மான் பந்தயக் காரைப் போன்ற திறந்த கூடுகளைப் பூட்டிக்கொண்டனர். இன்று அத்தகைய பென்ட்லிகள் பந்தயத்திலும் ஊர்வலத்திலும் ஏராளமாகக் காணப்படுகின்றன. அக்காலத்தில் எல்லோரும் பந்தய வீரராகவே இருந்தனர் என்று காண்போர் எண்ணிக்கொள்வர். ஒரு வைத்தியர் நோயாளர் வீடுகளுக்குச் சென்ற கார், ஒரு குடும்பம் கடற்கரைக்குச் சென்ற கார் என்னும் வரலாறுகள் மறைந்து போயின. இத்தனைக்கும் அடிச்சட்டமும் எஞ்சினும் முற்றும் உண்மையானவை!

தொழிற்சாலையே செய்தால்?

அண்மைக் காலத்தில் இச் சிக்கலிலே புதிய முடிச்சு ஒன்று விழுந்துள்ளது. பழைய காரைச் செய்த அதே நிறுவனங்கள் இப்போது அதனை மறுபடி செய்யத் தொடங்கியுள்ளன.

இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனத்தார் 1963 இல் அலுமினிய உடற்கூடு கொண்ட நிறைகுறைந்த ஈ வகைப் பந்தயக் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டனர். செய்து முடித்தவை 12. எஞ்சிய ஆறு எண்களும் ஏட்டிலே வெறுமையாய்க் கிடந்தன. ஐம்பது ஆண்டுகள் சென்றபின், 2014 இல், அவ் ஆறையும் செய்யப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 1957 பெப்ரவரியிற் கொவென்றித் தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்திலே எக்ஸ்.கே.எஸ்.எஸ். வகைக் கார்கள் ஒன்பது எரிந்து போயின. 2016 இல் அவ் ஒன்பதையும் மீளச் செய்வதாக அறிவித்தனர். பென்ட்லி நிறுவனத்தார் 2019 இல், பேர்கினின் குழுவுக்கென 1929 அளவிற் செய்யப்பட்ட கார்களுள் ஒன்றை முற்றாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் ஒளிக்கதிர் கொண்டு அளந்து, அதனைப் போன்ற பன்னிரண்டு கார்களைச் செய்ய முனைந்தனர்.

இவற்றை என்னவென்று அழைப்பது? செய்தவர் அதே பெயருடையவர். வரைபடம் அதே வரைபடம். சில கார்களுக்கு வழங்கப்பட்ட எண்ணும் அக்காலத்தில் ஒதுக்கப்பட்ட எண்ணே. எனவே இவை நகல் அல்ல, தொடர்ச்சி என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். நாம் இதனை முழுதும் ஒப்புதற்கில்லை. தொழிற்சாலை தன் பெயரைக் கொடுக்கலாம். கடந்துபோன ஆண்டைக் கொடுக்க அதனால் இயலாது. 1963 இற் பந்தயத்தில் ஓடாத கார் 1963 இல் ஓடிய கார் ஆகிவிடாது. ஆயினும் இவற்றைப் போலி என்று பழிப்பதும் முறையன்று. எந்த ஆண்டிற் செய்யப்பட்டவை என்பதை உலகறியச் சொல்லியே செய்தனர். வாங்கியவரும் அறிந்தே வாங்கினர்.

நகல் என்பது ஒரு பொருள். போலி என்பது ஒரு பேச்சு. ஒரே கார், அதனைப் பற்றி உரிமையாளர் சொல்லும் சொல்லுக்கேற்ப, நகலாகவும் போலியாகவும் ஆகிறது. இன்று மெய் சொல்லும் உரிமையாளர் நாளை அக் காரை விற்பார். வாங்குபவர் மறுநாள் வேறொருவர்க்கு விற்பார். மூன்றாவது கையில் 'நகல்' என்னும் சொல் உதிர்ந்துவிடுதல் கூடும். ஆதலின் மெய்யை வாயில் மட்டும் வைத்திருத்தல் போதாது. உலோகத்திலே பொறித்து வைத்தல் வேண்டும்.

பந்தயத்தின் நியாயம்

நகற் கார்களைச் சேர்ப்பதால் பந்தயத்துக்கே உண்டாகும் தீங்கும் ஒன்றுண்டு. புதிதாய்ச் செய்பவர் கணிப்பொறி கொண்டு வரைகிறார். உறுதி மிக்க உலோகம் வாங்குகிறார். நுண்ணிய கருவியாற் கடைகிறார். உருவம் பழையதே, வலிமையோ அதனினும் மிக்கது. அது முறிந்தால் மற்றொன்று செய்யலாம் என்ற துணிவில் ஓட்டுபவரும் வளைவிலே அச்சமின்றிப் பாய்வார். பக்கத்தில் உண்மையான பழைய காரை ஓட்டுபவர் தம் தந்தையார் கொடுத்த பொருளைப் பேணவேண்டுமே என்று வேகத்தைத் தணிப்பார். தோற்பவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டு, மூன்று ஆண்டு தோற்றபின் அவர் காரை வீட்டில் நிறுத்திவிடுவார். பழைய கார்ப் பந்தயத்திலே பழைய கார் இல்லாத நிலை இவ்வாறுதான் வந்து சேரும்.

அக் காலத்தாரும் விதிகளை வளைத்தவர்களே என்று இதற்கு ஒரு மறுப்புக் கூறுவர். அது மெய்தான். பெராரி ஜி.டி.ஓ.வின் கதையே அதற்குச் சான்று. அன்றைய விதிப்படி அவ்வகைப் பந்தயத்திற் சேர, பன்னிரண்டு மாதத்துள் நூறு கார்கள் செய்திருத்தல் வேண்டும். பெராரி நிறுவனத்தார் மூன்று ஆண்டிலும் செய்தவை முப்பத்தாறே. முன்னிருந்த 250 ஜி.டி. காரின் திருத்தமே இது என்று காட்டி அனுமதி பெற்றனர். பெயரின் இறுதியிலுள்ள 'ஓ' என்னும் எழுத்து, தகுதி பெற்றது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லின் முதலெழுத்தாகும்! ஆயினும் அன்று அவர்கள் செய்தது அன்றைய போட்டி. வென்றாலும் தோற்றாலும் அது அக்காலத்து வரலாறு. இன்று ஒருவர் பழைய பெயரில் புதிய வலிமையை ஒளித்து வெல்வாராயின், அவர் அக்காலத்தைப் பற்றி இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொய் கூறுகிறார். 1962 ஆம் ஆண்டுக் கார் இத்துணை வேகமாக ஓடிற்று என்று அவர்கள் நம்பி வீடு செல்வர். அன்று வழுக்கும் டயரோடும் வலியற்ற பிரேக்கோடும் போராடியவர்களின் திறமை அவர்களுக்குப் புலப்படாது போகும்.

நமது கருத்து இதுவே: நகலைப் பந்தயத்திலிருந்து விரட்டுதல் வேண்டாம். விரட்டினாற் சில கார்களின் ஓசையே உலகில் இல்லாது போகும். அரிய கார்கள் சில மோதி அழியும். ஆனால் நகலுக்குத் தன் பிறந்த ஆண்டும் தன் எண்ணும் வேண்டும். மறைந்த காரொன்றின் எண் வேண்டா. அது மூலத்தை விட எவ்வகையிலும் மேம்பட்டிருத்தல் ஆகாது. மற்றோர் உண்மைக் காரை வெட்டிப் பிறந்திருத்தலும் ஆகாது. பார்வையாளர் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலிலே அதன் பெயருக்கு எதிரே இது நகல் என்று அச்சிட்டிருத்தல் வேண்டும். உண்மைக் காரின் உரிமையாளரும் நகலின் உரிமையாளரும் வெவ்வேறு பரிசுக்கு ஓடினாலும் தாழ்வில்லை. மாற்றிய உறுப்புக்களைக் குறிக்கும் ஏடு இருவர்க்கும் ஒப்பவே கட்டாயமாதல் வேண்டும். பழைய முதலாம் எண்ணையே காத்தது அதன் வரலாற்றுத் தொடர்ச்சிதானே.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கண்டிப்பு என்று எவரேனும் சொல்வாராயின், நம் முன்னோர் ஏட்டைப் பெயர்த்தெழுதிய முறையை அவர்க்குக் காட்டுவோம். பனையோலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும். ஆகவே பழந்தமிழ் நூல்கள் யாவும் நகலின் நகலாகவே நம்மை வந்தடைந்தன. புலவர் தம் கையால் எழுதிய சங்க நூல் ஏடு ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. ஆயினும் அவற்றைப் போலி என்பாரில்லை. ஏடு எழுதியவர் பலர் இறுதி ஓலையிலே இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது என்று குறித்து வைத்தனர். நூலைப் புலவர்க்கு விட்டுவிட்டுத் தமக்கென அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

மாணவர்களும் இதனை எண்ணிப் பார்ப்பாராக. பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவதிற் குற்றமில்லை. நல்ல கையெழுத்தும் நல்ல நடையும் அவ்வாறே பழகி வருகின்றன. எவரைப் பார்த்து எழுதினோம் என்பதைத் தாளின் அடியிலே எழுதப் பழகினாற் போதும். பரானாத் தொழிற்கூடத்தார்க்கும் ஜாகுவார் நிறுவனத்தார்க்கும் நாம் வேண்டுவது அந்த ஒரு வரியைத்தான். தகட்டிலே, அழியாத எழுத்திலே.